குடத்துக்குள் யாருடைய பெயர்?

தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை, எழுத்தைப் பார்த்தால் வவுனியாப் பக்கம் படிக்கிற பிள்ளை போல இருக்கிறது. நீங்கள் கேட்டது இதுதான்: தேர்தல் வைத்து ஒவ்வொரு முறையும் அதே ஆட்களைத்தானே அனுப்புகிறோம், சோழர் காலத்துக் குடவோலை போலக் குலுக்கிப் போட்டுச் சாதாரண சனத்தை எடுத்தால் என்ன, இல்லாவிட்டால் படித்த நேர்மையான அதிகாரிகளை நியமித்தால் என்ன, அவர்கள் இந்த அரசியல்வாதிகளை விட நன்றாகச் செய்யமாட்டார்களா. கடைசியில் ஒரு வரி: “குலுக்கலில் உங்கள் பெயர் வந்தால் போவீர்களா?” இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் எழுத எனக்கு முடியவில்லை, ஏனென்றால் இரண்டு கேள்விகளை ஒரே கட்டாகக் கட்டித் தந்திருக்கிறீர்கள். நியமிப்பது வேறு, குலுக்கி எடுப்பது வேறு. நியமனத்தில் மேலே இருக்கிற ஒருவர் ஆளைப் பொறுக்குகிறார், குலுக்கலில் ஒருவருமே பொறுக்குவதில்லை. இரண்டுக்கும் அடியில் உங்களைக் குடைகிற விசயம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தவர் வென்ற பிறகு எங்களை மறந்துவிடுகிறார், மறக்காத ஆளை எந்த வழியால் எடுப்பது?

நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட இலங்கையின் வடக்கில், வன்னியில் உள்ளூராட்சி அலுவலகங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எழுதுவினைஞராகச் சேர்ந்தேன், கடைசி வருசங்களில் நிர்வாகக் கிளையைப் பார்த்தேன். தெரிவான சபையோடும் வேலை செய்திருக்கிறேன், சபையே இல்லாத காலத்திலும் செய்திருக்கிறேன், உண்மையில் அந்த இரண்டாவது காலம்தான் எங்கள் பக்கத்தில் நீளம். அரசறிவியல் பட்டம் எனக்கு இல்லை. பாராளுமன்றத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே பிரதேச சபை அளவில் சொல்வதைக் கண்ணால் கண்டது என்று எடுங்கள், நாட்டு அளவில் சொல்வதை வாசித்து யோசித்தது என்று எடுங்கள்.

முதலில் நியமனத்தைப் பார்ப்போம், இது சுலபமானது. இந்த நாட்டில் சட்டசபை என்று ஒன்று தொடங்கியதே நியமனத்தில்தான். 1833இல் பிரித்தானியர் அமைத்த சட்ட நிரூபண சபையில் தமிழர் எல்லாருக்குமாக ஒரே ஒரு ஆள், அவரையும் ஆளுநரே பார்த்துப் போட்டார். 1931இல் எல்லாருக்கும் வாக்குரிமை வருகிறவரை நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான் வாக்கு இருந்தது. அதை எல்லாருக்கும் கொடுக்கப் போகிறோம் என்றபோது எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரிய படிப்பாளிகளும் இருந்தார்கள். படிக்காத சனத்துக்கு என்ன தெரியும் என்ற அந்த எண்ணம் இன்னும் போகவில்லை, “படித்த அதிகாரிகளை நியமித்தால் என்ன” என்ற உங்கள் கேள்விக்குள்ளும் அது கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம். பிறகு 1947 முதல் 1971 வரை செனட் சபை இருந்தது. 30 பேரில் 15 பேரைப் பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமித்தார், மற்றப் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. இன்றைக்கும் 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 29 பேர் கட்சிகள் பெயர் கொடுக்கிற தேசியப் பட்டியலில் வருகிறவர்கள். நிபுணர்களும் சிறுபான்மையினரும் வரட்டும் என்று வைத்த வாசல் அது. தேர்தலில் தோற்றவர்கள் அதற்குள்ளால் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இதெல்லாம் கொழும்புக் கதை. தெரிவாகாத ஆட்கள் ஆண்டால் எப்படி இருக்கும் என்று வன்னிக்காரருக்கு யாரும் புத்தகம் காட்டத் தேவையில்லை, நாங்கள் அதற்குள்தான் இருந்தோம், இன்னும் பாதி அதற்குள்தான் இருக்கிறோம். வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் ஒரே ஒரு தடவை தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநரும் செயலாளர்களும்தான் மாகாணத்தை நடத்துகிறார்கள். பிரதேச சபைகளும் அப்படித்தான். கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளிக்கு 2011 ஜூலையில் நடந்தது, பிறகு 2018 பெப்ரவரியில் நடந்தது, அந்தச் சபைகள் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை இரண்டு வருசத்துக்கு மேல் செயலாளர்தான் எல்லாம்.

அந்த இரண்டு வருசத்தில் ஒரு பகுதிக்கு நான் ஒரு பிரதேச சபை அலுவலகத்தில் இருந்தேன். நேர்மையாகச் சொன்னால் முதல் சில மாதம் எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. சபை இருந்தபோது கிரவல் வீதிக்குக் காசு வந்தால், எந்த வீதி முக்கியம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், வட்டாரத்துக்கு வட்டாரம் சரிசமனாகப் பிரி என்பார்கள். அப்படிப் பிரித்துப் பிரித்து எல்லா இடத்திலும் முந்நூறு மீற்றர், நானூறு மீற்றர் கிரவல் கிடந்தது, பள்ளிக்கூடம் வரைக்கும் முழுதாகப் போய்ச் சேர்ந்த வீதி ஒன்றும் இல்லை. சபை போன பிறகு செயலாளர் ஒரு வீதியை எடுத்து முழுதாக முடித்தார். அது நல்ல வேலை, அதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு அம்மா வந்தா. மணல் ஏற்றுகிற டிப்பர்கள் ஓடி ஓடி அவவின் ஒழுங்கை வாசலில் இருந்த மதகு உடைந்து போயிருந்தது, மாரி வந்தால் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போக முடியாது. மூன்று தரம் வந்தா. மூன்றாம் தரம், நிதி கிடைக்கும்போது கவனத்தில் எடுக்கப்படும் என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினோம், அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான். கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை, சுற்றுநிருபப்படி எல்லாம் சரி. சபை இருந்த காலத்தில் என்றால் அந்த வட்டார உறுப்பினர், அதிகம் படிக்காத மனுசன், அம்மாவைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் மேசைக்கு முன்னால் இருத்திவிட்டு, இது முடியாமல் நான் எழும்பமாட்டேன் என்று சத்தம் போட்டிருப்பார். அந்தச் சத்தத்தை நாங்கள் அப்போது தொந்தரவு என்றுதான் கதைப்போம். அன்றைக்கு அந்த அம்மா கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனதைப் பார்த்த பிறகுதான் அந்தச் சத்தத்துக்கு என்ன பெறுமதி என்று எனக்கு விளங்கியது. நாங்கள் கெட்டவர்கள் இல்லை, எங்களுக்கு அவவிடம் பயம் இல்லை, அவ்வளவுதான். உறுப்பினருக்கு அவவின் ஒரு வாக்கு தேவைப்பட்டது. எனக்குத் தேவைப்படவில்லை, என் சம்பளம் எப்படியும் வரும்.

ஆகவே நியமனம் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. நல்ல அதிகாரி வந்தால் சில வேலைகள் கெதியாக முடியும். ஆனால் அவர் நல்லவரா இல்லையா என்பது உங்கள் கையில் இல்லை, வந்த பிறகு அனுப்பவும் உங்களால் முடியாது.

குலுக்கலுக்கு வருவோம், இதுதான் யோசிக்க வேண்டிய இடம். குடவோலை பற்றி நாங்கள் எல்லாரும் பெருமையாகக் கதைக்கிறோம், அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று ஒருக்கா பார்க்க வேண்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டி வெட்டியது. ஊரை 30 குடும்பாக, அதாவது வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறு பையனைக் கொண்டு எடுப்பித்தார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். வேறு ஓலையை விரலுக்குள் ஒளித்து வைக்கக் கூடாதல்லவா. ஆயிரத்து நூறு வருசத்துக்கு முந்தி ஒரு ஊர்ச் சபை இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறது என்று நினைக்க எனக்கு இன்றும் ஆச்சரியம். எடுபட்டவர்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று குழுக்களாகப் பிரிந்து 360 நாள் வேலை பார்ப்பார்கள், பிறகு இறங்கிவிட வேண்டும்.

ஆனால் குடத்தில் ஓலை விழுவதற்கு முன்னால்தான் அந்த முறையின் உயிர் இருக்கிறது. முந்தின மூன்று வருசத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயர் போடக்கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயர் போடக்கூடாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர் பெயரும் போடக்கூடாது, யார் யார் சொந்தம் என்று முறை சொல்லிப் பட்டியலே இருக்கிறது. குலுக்கல் கடைசிப் படி. கணக்கு முதல் படி. இன்றைக்குக் குடவோலை வேண்டும் என்று கேட்கிறவர்கள் கடைசிப் படியை மட்டும் கேட்கிறார்கள். ஏதென்ஸிலும் இதே கதைதான். அங்கே 500 பேர் சபையைக் குலுக்கித்தான் எடுத்தார்கள், ஒருவர் வாழ்நாளில் இரண்டு தடவைதான் இருக்கலாம், இறங்கும்போது கணக்கு ஒப்புவிக்க வேண்டும். படைத் தளபதிகளை மட்டும் அவர்களும் குலுக்கவில்லை, வாக்குப் போட்டுத்தான் தெரிந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணருக்குக் கொடுத்த ஊர். கால் வேலிக்கு மேல் இறை (வரி) கட்டுகிற நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குள்ளான பிராமண ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது. ஏதென்ஸில் பெண்களும் அடிமைகளும் வெளியூரிலிருந்து வந்து குடியிருந்தவர்களும் இல்லை. குலுக்கலில் யாரும் பாரபட்சம் காட்டவில்லை என்பது உண்மை, குடத்தை நிரப்பும்போதே பாரபட்சம் முடிந்துவிட்டது. வன்னியில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இந்த இடம் உறைக்க வேண்டும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெயர்களைக் கூட்டமாகக் குடத்துக்கு வெளியே எடுத்துப் போட்டது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது தெரிவான பாராளுமன்றம்தான், அதையும் சேர்த்தே சொல்கிறேன். பிறகு 1958, 1977 கலவரங்களில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறிய அந்தச் சனத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ வருசம் வாக்காளர் இடாப்பில் இல்லாமலே இருந்தார்கள். நாளைக்கு ஒரு குலுக்கல் என்றால் எந்த இடாப்பில் இருந்து குலுக்குவது என்பதுதான் என்னுடைய முதல் கேள்வியாக இருக்கும்.

குலுக்கி எடுத்த சாதாரண சனம் நீதியாகத்தான் நடக்கும் என்பவர்களுக்கு எங்கள் நாட்டில் உள்ள உதாரணம் ஜூரி விசாரணை. பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் கொலை வழக்கை 2016இல் சிங்களம் பேசுகிற ஏழு பேர் கொண்ட ஜூரிகள் சபை விசாரித்தது, டிசம்பர் 24ஆம் திகதி நள்ளிரவை அண்டி எல்லா எதிரிகளையும் விடுவித்துத் தீர்ப்பு வந்தது. தீர்ப்புச் சரியா பிழையா என்று இங்கே கதைக்க வரவில்லை. கொல்லப்பட்டவர் தமிழர், அவரது பாராளுமன்ற உறுப்புரிமை யாழ்ப்பாணத்துச் சனத்தின் வாக்கில் வந்தது, அந்த ஏழு பேரை எடுத்த குடத்துக்குள் அந்தச் சனத்தில் ஒருவருடைய பெயரும் இல்லை. அதைத் தமிழ்ச் சனம் எப்படி வாங்கிக்கொண்டது என்று உங்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, குடம் ஒழுங்காக நிரப்பப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். நாடு முழுவதும் ஒரே குடமாகக் குலுக்கி 225 பேரை எடுத்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும்? 2012 குடிசன மதிப்பீட்டில், வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிற மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 3 இலட்சத்து 64 ஆயிரம் பேர், நாட்டில் 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். கணக்குப் பார்த்தால் சராசரியாக 4 பேர் வருவார்கள். சராசரி என்றால் ஒவ்வொரு முறையும் நாலு வராது. நாலு குலுக்கலுக்கு ஒரு குலுக்கலில் இரண்டு பேரோ அதைவிடக் குறைவாகவோதான் வருவார்கள், ஐம்பதுக்கு ஒரு தடவை ஒருவருமே வராமலும் போகலாம். இப்போது வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனம் இருக்கிறது, ஏனென்றால் மாகாணத்துக்கு 4 என்று மேலதிக ஆசனங்களை அரசியலமைப்பு வைத்திருக்கிறது, சனம் குறைந்த பெரிய நிலப்பரப்புகளுக்கு அது ஒரு காவல். வெறும் குலுக்கல் அந்தக் காவலைத் தூக்கி எறிந்துவிடும். மாவட்டம், இனம், ஆண் பெண் என்று பிரித்து வைத்துக் குலுக்கினால் இதைச் சரிப்படுத்தலாம், உலகத்தில் இப்போது நடக்கிற குலுக்கல்கள் எல்லாம் கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் எந்தப் பிரிவுக்கு எத்தனை என்று தீர்மானிக்கிறவர் யார் என்ற சண்டை உடனே தொடங்கும், அது பழைய அரசியல் சண்டையேதான்.

இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குக் குலுக்கலில் பிடித்தது. நாட்டின் சனத்தொகையில் பாதிக்கு மேல் பெண்கள், 2024 பாராளுமன்றத்தில் அவர்கள் பத்து வீதத்தைக்கூடத் தொடவில்லை. குலுக்கினால் நூறுக்கு மேல் வருவார்கள், ஒரு கட்சித் தலைவரிடமும் போய் நிற்கத் தேவையில்லை. உள்ளூராட்சியில் 25 வீத ஒதுக்கீடு 2018இல் நடைமுறைக்கு வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். முதல் கூட்டங்களில் கதைக்காமல் இருந்த பெண் உறுப்பினர்கள் ஆறு மாதத்தில் குடிதண்ணீரையும் முன்பள்ளியையும் பற்றிக் கேட்ட கேள்விகள், முன்னர் அந்த மேசைக்கு வந்ததே இல்லை. அவர்களில் பலர் கட்சி தேடிப் பிடித்துப் பட்டியலில் போட்டவர்கள், தாங்களாக வாக்குக் கேட்டு வரக்கூடியவர்கள் இல்லை. வாக்குக் கேட்கத் தெரிந்தவர்களை மட்டும் தேர்தல் கொண்டு வருகிறது, வாக்குக் கேட்கத் தெரியாத கெட்டிக்காரர் ஊரில் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

வெளிநாடுகளில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். அயர்லாந்தில் கருக்கலைப்புத் தடையைத் தொடக் கட்சிகள் எல்லாம் பயந்துகொண்டிருந்தன. 2016இல் 99 பொதுமக்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவரைத் தலைமைக்கு வைத்து, ஐந்து வார இறுதிகள் மருத்துவர்களையும் சட்டக்காரரையும் இரண்டு பக்கத்து ஆட்களையும் கேட்க வைத்தார்கள். அவர்கள் தடையை மாற்றச் சொன்னார்கள், பாராளுமன்றக் குழு அதைப் பார்த்தது, 2018 மே 25இல் சர்வசன வாக்கெடுப்பில் 66.4 வீதம் ஆம் என்றது. பதவிக்காகப் பயப்படத் தேவையில்லாத ஆட்கள், அரசியல்வாதி தொடத் துணியாத ஒன்றைத் தொட்டார்கள். அங்கேயும் குடத்தில் கைவைக்கப் பார்த்தது நடந்தது: இடையில் விலகியவர்களுக்குப் பதிலாக எடுத்த ஏழு பேர் முறைப்படி எடுக்கப்படவில்லை, ஆள் சேர்த்தவர் தெரிந்தவர்களைக் கேட்டுச் சேர்த்திருக்கிறார் என்று 2018இல் தெரிந்து அவர்களை நீக்கினார்கள். ஐந்து விரலையும் விரித்து வாங்கு என்று உத்திரமேரூரில் வெட்டி வைத்தது வீண் இல்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004இல் 160 பேரைக் குலுக்கி எடுத்து, தேர்தல் முறையை எப்படி மாற்றலாம் என்று கிட்டத்தட்ட ஒரு வருசம் படிக்க வைத்தார்கள். அவர்கள் சொன்ன முறைக்கு 2005இல் 57.7 வீதம் ஆதரவு கிடைத்தது, 60 வீதம் வேண்டும் என்று அரசாங்கம் முன்பே கோடு போட்டிருந்தது, அதோடு நின்றது. பிரான்ஸில் காலநிலை பற்றி 150 பேர் கூடி 2020இல் 149 முன்மொழிவுகள் கொடுத்தார்கள், வடிகட்டாமல் கொண்டுபோவேன் என்று சொன்ன ஜனாதிபதி பிறகு பலதை வடிகட்டினார். அயர்லாந்திலும் 2024 மார்ச்சில், இப்படிக் குலுக்கி எடுத்த இன்னொரு மக்கள் பேரவையின் யோசனைகளில் இருந்து தொடங்கிய இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்களைச் சனம் பெரும்பான்மையாக நிராகரித்தது. பேரவை சொன்ன சொற்களை அரசாங்கம் மாற்றியிருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். குலுக்கி எடுத்த சாதாரண ஆட்களுக்கு நேரமும் தகவலும் கொடுத்தால், ஒரு கடினமான கேள்வியை விளங்கி, ஒருவரோடொருவர் கதைத்து, பொறுப்பான முடிவுக்கு வர முடியும், இது உறுதி. படிக்காத சனத்துக்கு முடியாது என்பது பொய். வாக்குக்குப் பயப்படுகிற ஆட்களால் தொட முடியாததையும், தங்கள் கதிரையே சம்பந்தப்பட்டிருப்பதால் அரசியல்வாதிகள் நேர்மையாகப் பார்க்க முடியாததையும் அவர்கள் பார்ப்பார்கள், அதுவும் உறுதி. ஆனால் அயர்லாந்து, கனடா, பிரான்ஸ் மூன்றிலும் அவர்கள் யோசனைதான் சொன்னார்கள், சட்டம் இயற்றவில்லை. இன்றைய உலகத்தில் எந்த நாடும் தன் பாராளுமன்றத்தையே குலுக்கி எடுக்கவில்லை, ஆகவே அப்படி எடுத்தால் தேர்தலை விட நல்லது என்பதும் கெட்டது என்பதும் ஊகம்தான். என் ஊகம், வருசக் கணக்கில் பாதீடு போடவும் திணைக்களங்களைக் கேள்வி கேட்கவும் வேண்டிய இடத்தில், ஒரு வருசத்துக்கென வந்து போகிற புதியவர்களை எங்களைப் போன்ற கோப்பு தெரிந்த உத்தியோகத்தர்கள் தங்கள் பக்கம் இழுத்துவிடுவார்கள் என்பதுதான். அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், புதிய உறுப்பினர் வந்தால் முதல் மூன்று மாதம் நாங்கள் சொல்வதுதான் சட்டம்.

எங்கள் ஊர்க் குளத்தில் குலுக்கல் எப்படி நடக்கிறது என்று சொன்னால் நான் நினைப்பது இன்னும் தெளிவாக விளங்கும். சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் பயிர்ச்செய்கைக்குத் தண்ணீர் போதாத வருசம் கமக்காரர் அமைப்புக் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கருக்குக் காணும் என்பதை முதலில் கதைத்து முடிப்போம், அதில் சண்டை வரும், நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருவார், கமநல சேவை நிலையத்து ஆட்கள் வருவார்கள், பொழுது பட்டுவிடும். ஏக்கர் முடிவான பிறகு, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசுக்குக் கிட்ட உள்ள வயல்களைத்தான் எல்லாரும் பங்கு போட்டுச் செய்வோம், கடைக்கோடியில் வயல் உள்ளவனுக்கும் அதில் ஒரு துண்டு கிடைக்கும். எந்தத் துண்டு யாருக்கு என்பதற்குத்தான் திருவுளச் சீட்டு. பேர் எழுதி மடித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வோம். மேட்டுத் துண்டு விழுந்தவன் வாய் திறக்க மாட்டான், ஏனென்றால் அவனுக்கு ஒருவரும் செய்யவில்லை, சீட்டில் விழுந்தது. சந்தேகத்தைக் கொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் துருசைத் திறக்கிற ஆளை நாங்கள் குலுக்கி எடுப்பதில்லை. அந்த ஆளை எல்லாருமாகக் கதைத்துப் போடுவோம், இரவில் தண்ணீர் வராவிட்டால் அவரின் படலையில் போய் நின்று கேட்போம், சரியில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் மாற்றுவோம்.

பாராளுமன்றத்துக்கும் பிரதேச சபைக்கும் நான் தேர்தலைத்தான் கேட்பேன், அதுவும் நேரத்துக்கு நடக்கிற தேர்தலை. குலுக்கலை அதற்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். இரண்டு வேலைக்கு உடனடியாக வைக்கலாம். ஒன்று, மாகாண சபைத் தேர்தல் முறை. 2017இல் சட்டத்தை மாற்றி, எல்லை மீள்நிர்ணயம் செய்து, அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்தார்கள், ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, அதைக் கொண்டுவந்த அரசாங்கத் தரப்பே எதிர்த்தது. அன்றைக்குச் சிக்கினது இன்னும் அவிழவில்லை. யாருடைய தொகுதி எங்கே வெட்டுப்படும் என்று அந்தத் தொகுதியில் நிற்கப் போகிறவர்களிடமே கேட்டால் இப்படித்தான் நடக்கும், இதைத்தான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சாதாரண ஆட்களிடம் கொடுத்தார்கள். இன்னொன்று தண்ணீர். இரணைமடுவில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள், யாழ்ப்பாணத்தில் கிணறுகள் கெட்டுக்கொண்டிருந்தன, எங்கள் பிரதிநிதிகள் இரண்டு பக்கத்து வாக்கும் போகக்கூடாது என்று வருசக் கணக்காக இழுபட்டார்கள், கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கிற நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. கிளிநொச்சியில் முப்பது பேர், யாழ்ப்பாணத்தில் முப்பது பேர் என்று குலுக்கி எடுத்து, இரணைமடு அணைக்கட்டில் ஒரு நாள், யாழ்ப்பாணத்தில் கெட்டுப்போன கிணற்றடியில் ஒரு நாள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, பிறகு ஒரு மண்டபத்தில் இருத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இப்பவும் யோசிப்பேன். இதே முடிவுக்கு வந்திருக்கலாம், வேறொன்றுக்கும் வந்திருக்கலாம். ஆனால் ஒரு பகுதி மற்றப் பகுதியைத் தண்ணீர் தராதவன், தண்ணீர் பறிக்கிறவன் என்று கதைக்கிற நிலை அவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது என்று நம்புகிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்டது, என் பெயர் வந்தால் போவேனா என்று. போவேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, நாலு வார இறுதி எங்கே இருத்தினாலும் இருப்பேன். ஆனால் அந்த மதகு வீட்டு அம்மாவின் பெயர் வந்தால் அவ போக முடியாது, ஒரு நாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாத வீடு அது, பிள்ளைகளைப் பார்க்கவும் வேறு ஆள் இல்லை. வன்னியில் போரில் புருசனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள் பலருக்கும் இதுதான் நிலை. அவவுக்கு நாட்கூலியும், வந்து போக பஸ் காசும், பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஏற்பாடும் செய்யாமல் ஒரு குலுக்கல் வைத்தால், கடைசியில் அந்த மண்டபத்தில் என்னைப் போல ஓய்வூதியம் எடுக்கிற ஆண்கள்தான் இருப்போம். ஆகவே குலுக்கல் வேண்டும் என்று எங்கேயாவது மனு எழுதினால், அந்தச் செலவை முதல் பந்தியில் எழுதுங்கள்.